பெயிண்டுக்கு அடியில் அரக்கு: ஒரு பெட்டியடி மேசையின் மேற்பூச்சு வேலை

சிவகங்கை மாவட்டத்து நகரத்தார் வீடு ஒன்றிலிருந்து வந்தது இந்த மேசை. நாற்காலி போட்டு உட்காரும் மேசை அல்ல. தரையில் பாய் விரித்துச் சம்மணமிட்டுக் கணக்கு எழுதுவதற்கான சாய்வு மேசை. உயரம் ஒன்றரை அடிக்குள் அடங்கும், அகலம் இரண்டடி. சாய்ந்திருக்கும் மேல்பலகையைத் தூக்கினால் உள்ளே பேரேடும் ரசீதும் வைக்க அறைகள், சில்லறை போட ஒரு குட்டி இழுப்பறை, அதற்குப் பின்னால் சட்டென்று கண்ணில் படாத இன்னொரு அறை. பர்மாவிலும் மலாயாவிலும் நகரத்தார் தொழில் நடத்திய கிட்டங்கிகளில் இப்படிப்பட்ட மேசைகளை வைத்துத்தான் தொழில் நடந்தது. பெட்டியடிப் பையன்களாக, அதாவது தொழில் பழகும் உதவியாளர்களாகச் சேர்ந்தவர்கள் வரவு செலவு பழகியதும் இதன் அருகில் உட்கார்ந்துதான். 1942-ல் ரங்கூன் ஜப்பானியர் கைக்குப் போவதற்கு முன்பே இது கப்பலேறி ஊர் வந்துவிட்டது என்கிறார்கள் வீட்டார்.

மரம் தேக்கு. நெருக்கமான வளைய ரேகை, தொட்டால் லேசான எண்ணெய்ப் பிசுக்கு, அடிப்பக்கம் உளியால் மெல்லச் சுரண்டினால் வரும் தோல் வாசனை எல்லாம் அதைச் சொல்லிவிடும். ஆனால் வெளியே பார்த்தால் தேக்கின் அடையாளமே இல்லை. சாக்லேட் நிற எனாமல் பெயிண்ட் தடிமனாக அப்பியிருந்தது. அது உரிந்த இடங்களில் அடியில் இளம்பச்சை எனாமல். மூலைப் பித்தளைத் தகடுகள்மேலும் பெயிண்ட். இடது பக்கப் பலகை எப்போதோ உளுத்துப்போய், அந்த இடத்தில் பிளைவுட் வைத்து ஆணி அடித்திருந்தார்கள்.

அந்த வீட்டு ஆச்சி கேட்டது ஒன்றுதான். "தம்பி, பேத்தி கல்யாணத்துக்கு இதை ஹாலில் வைக்கணும். கண்ணாடி மாதிரி பளபளன்னு இருக்கணும்." அவர் மகன் பி.யூ. (பாலியூரிதேன்) பாலிஷ் அடித்துவிடலாம் என்றார். இப்போது யாரைக் கேட்டாலும் அதைத்தான் சொல்வார்கள், அதில் தப்பில்லை. இரண்டு திரவங்களைக் கலந்து அடிக்கும் பி.யூ. கெட்டியானது. தண்ணீர், சூடு, எண்ணெய், குழந்தைகளின் பொம்மை கார் எல்லாம் தாங்கும். புதிய சாப்பாட்டு மேசைக்கும் சமையலறை அலமாரிக்கும் நானும் அதைத்தான் சொல்வேன்.

இந்த மேசைக்கு வேண்டாம் என்று நான் நின்றதற்குக் காரணம் உண்டு. பி.யூ. ஒருமுறை இறுகிவிட்டால் எந்தச் சாதாரணக் கரைப்பானிலும் திரும்பக் கரையாது. பத்து, பதினைந்து வருடம் கழித்து அது மஞ்சளித்தாலோ ஒரு மூலையில் உரிந்தாலோ அந்த இடத்தை மட்டும் சரிசெய்வது மிகக் கடினம். பெரும்பாலும் மேல்பரப்பு முழுவதையும் உப்புத்தாள் போட்டுத் தேய்க்க வேண்டியிருக்கும். தேய்க்கும் ஒவ்வொரு முறையும் பழைய மரத்தின் மேல்தோல் போகும். இழைப்புளி விட்டுச்சென்ற மெல்லிய அலை, கைபட்டு மழுங்கிய விளிம்பு, காற்றும் வெளிச்சமும் பட்டு ஆழ்ந்த நிறம் எல்லாமே அந்த மேல்தோலில்தான் இருக்கின்றன. அதனால் பழைய சாமான் கைக்கு வந்தால், எந்தப் பூச்சு அழகு என்பது எனக்கு இரண்டாவது கேள்விதான். அதன்மேல் ஏற்கெனவே என்ன இருக்கிறது, நான் போடுவதை நாளை இன்னொருவர் மரத்துக்குக் காயமில்லாமல் கழற்ற முடியுமா, இந்த இரண்டும்தான் முதலில்.

அடியில் இருந்தது என்ன

பெயிண்ட் படாத இடம் ஒன்றே ஒன்று இருந்தது: மேல்பலகையின் உள்பக்கம். கருஞ்சிவப்பாக, அழுக்கேறி, ஆனாலும் விரலால் தேய்த்தால் உள்ளிருந்து ஒரு மினுக்கம். சோதனையை அங்கிருந்துதான் தொடங்கினோம்.

முதலில் மினரல் டர்பெண்டைனில் நனைத்த துணியால் ஒரு சிறு மூலையைத் துடைக்க வேண்டும். பல வருட மெழுகும் எண்ணெயும் மேலே படிந்திருந்தால் அடுத்த சோதனைகள் எல்லாம் பொய் சொல்லும். பிறகு விளக்கை அணைத்து, ரூபாய் நோட்டு பார்க்கும் புறஊதா டார்ச்சை அடித்தோம். பழைய அரக்குப் பாலிஷ் அந்த வெளிச்சத்தில் ஆரஞ்சு நிறத்தில் ஒளிரும். மற்ற வார்னிஷ்கள் பெரும்பாலும் வெளிறிய மஞ்சளாகவோ பச்சை கலந்தோ தெரியும். இங்கே பலகை முழுக்க ஆரஞ்சு. நடுவில் மட்டும், பூச்சு தேய்ந்துபோன இடத்தில், இருட்டாக ஒரு திட்டு.

அதை உறுதி செய்ய ஸ்பிரிட். டினேச்சர்டு ஸ்பிரிட்டில் (குடிக்க முடியாதபடி நஞ்சு கலந்த ஆல்கஹால்) தோய்த்த பஞ்சை ஒரு நிமிடம் வைத்து எடுத்தால் அரக்கு இளகி ஒட்டும், பஞ்சு பழுப்பாகும். அப்படி ஆகவில்லை என்றால்தான் என்.சி. தின்னரை எடுக்க வேண்டும். தின்னரில் இளகினால் அது நைட்ரோசெல்லுலோஸ் லேக்கர். அதிலும் அசையவில்லை என்றால் எண்ணெய் வார்னிஷ், மெலமைன், பி.யூ. இவற்றில் ஒன்று. இந்த வரிசையை மாற்றக்கூடாது. தின்னர் அரக்கையும் இளக்கிவிடும் என்பதால் அதை முதலில் தொட்டால் இரண்டையும் பிரித்தறிய முடியாது. நமக்குப் பஞ்சு உடனே பழுத்தது. ஆக, மேசையைச் செய்தவர்கள் முதலில் போட்டது அரக்கு, அதாவது நம் ஊரில் ஸ்பிரிட் பாலிஷ் அல்லது பிரெஞ்சு பாலிஷ் என்று சொல்வது.

அரக்கைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும், ஏனென்றால் இதை வெளிநாட்டுச் சரக்கு என்று நினைப்பவர்கள் நிறைய. புரசு, இலந்தை, பூவம் போன்ற மரங்களின் இளங்கிளைகளில் ஒட்டி வாழும் சின்னஞ்சிறு பூச்சி சுரப்பது அது. ஜார்க்கண்டும் சத்தீஸ்கரும் இன்றும் அதன் முக்கிய விளைநிலங்கள். ராஞ்சி அருகே நாம்கும்மில் 1924-லேயே அரக்குக்கென ஓர் ஆராய்ச்சி நிலையம் அமைந்தது. பழைய கிராமபோன் தட்டுகள் அரக்கில் செய்யப்பட்டவை. அம்பாசமுத்திரத்து மரச் சொப்புச் சாமான்களுக்கு நிறம் ஏறுவதும் கடைசலில் சுழலும் மரத்தில் அரக்குக் குச்சியை அழுத்தி, அந்தச் சூட்டில் உருக விட்டுத்தான். பிரெஞ்சு பாலிஷ் என்பதில் பிரெஞ்சுக்காரர்களுடையது தேய்க்கும் முறை மட்டும்தான், சரக்கு நம்முடையது.

பெயிண்டைக் கழற்றியது

இந்தப் பகுதியில் அவசரம் ஆகவே ஆகாது. காரணம் அந்த இளம்பச்சை. இந்தியாவில் வீட்டுப் பெயிண்டில் ஈயம் 90 பிபிஎம்-க்கு மேல் இருக்கக்கூடாது என்று 2016-ல் விதி வந்து, 2017 நவம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய எனாமல்களில், அதுவும் மஞ்சள், பச்சை, சிவப்பு நிறங்களில், ஈயக் கலவை தாராளமாகச் சேர்ந்திருக்கும். சோதித்துப் பார்க்கும் குச்சிகள் கிடைக்கின்றன, ஆனால் எல்லா ஈயச் சேர்மங்களையும் அவை ஒரே மாதிரி காட்டிக்கொடுப்பதில்லை. என் வரையில் சந்தேகமே போதும். பழைய எனாமல் என்றால் ஈயம் இருக்கிறது என்றே வைத்துக்கொண்டு வேலை செய்ய வேண்டும். உலர்ந்த நிலையில் உப்புத்தாள் போடவே கூடாது. எமரி வட்டு மாட்டிய கிரைண்டரைக் கொண்டு இரண்டு மணி நேரத்தில் வழித்துத் தள்ளுவதை நிறையப் பார்க்கிறோம்; அந்தத் தூசி வாசலில் விளையாடும் குழந்தையின் ரத்தத்துக்குத்தான் போகிறது.

சோடா காரத்தில் ஊறப்போடுவது இன்னொரு குறுக்குவழி. மலிவு, பெயிண்ட் வழிந்தோடிவிடும். ஆனால் காரம் தேக்கைக் கறுக்கச் செய்யும், நாரை எழுப்பிவிடும், மூட்டுகளில் இருக்கும் பழைய வஜ்ஜிரத்தையும் (விலங்குத் தோல், எலும்பு காய்ச்சிய பசை) கரைத்துவிடும். மேசை பலகை பலகையாகக் கையில் வரும்.

நாங்கள் எடுத்தது குறைந்த சூட்டில் ஹீட் கன், சூடான காற்றை ஊதும் கருவி. அடியில் அரக்கு இருப்பது இங்கேதான் கைகொடுத்தது. அரக்கு தண்ணீர் கொதிக்கும் சூட்டுக்கு முன்பே இளகிவிடும். மரத்தின் கண்களை, அதாவது நுண்துளைகளை, அது முன்பே அடைத்துவிட்டதால் பெயிண்ட் உள்ளே இறங்கியிருக்கவும் இல்லை. மேலே மிதமான சூடு பட்டதும் அரக்கு இளகி, இரண்டு எனாமலும் சேர்ந்து தோசைக்கல்லில் வெந்த தோசை விளிம்பு விடுவதுபோல் கிளம்பியது. மழுங்கிய பட்டைச் சுரண்டியை அடியில் நுழைத்தால் போதும், அழுத்தவே வேண்டாம். சூடு அதிகமாகிப் பெயிண்ட் புகைய ஆரம்பித்தால் நிறுத்திவிட வேண்டும். கடும் சூட்டில் ஈயம் ஆவியாகவே வெளியேறும். வேலை நடந்தது பின்கட்டில், திறந்த வெளியில். நுண்தூசியைத் தடுக்கும் பி-100 வடிகட்டி போட்ட முகமூடி, கீழே பிளாஸ்டிக் விரிப்பு, விழுந்த துகள்மேல் உடனுக்குடன் தண்ணீர் தெளிப்பு. வீட்டில் அப்போது கர்ப்பிணிகளும் இல்லை, சின்னக் குழந்தைகளும் இல்லை. இருந்திருந்தால் வேலையை வீட்டைவிட்டு வெளியே கொண்டுபோயிருப்பேன்.

விளிம்புச் செதுக்கல்களில் மட்டும் பெயிண்டை இளக்கும் ஜெல் ரிமூவர், அதுவும் மெத்திலீன் குளோரைடு இல்லாதது. இந்த வேதிப்பொருள் வேகமானது, ஆபத்தும் அதே அளவு. மூடிய இடங்களில் வேலை செய்தவர்கள் மூச்சு நின்று இறந்ததால்தான் அமெரிக்காவில் 2019-ல் வீட்டு உபயோக ரிமூவர்களில் அதைத் தடை செய்தார்கள். நம் ஊர் டப்பாக்களில் எழுதியிருப்பதைப் படித்து வாங்குவது நம் பொறுப்பு. மெதுவான ஜெல்லைத் தடவி, மேலே பிளாஸ்டிக் தாள் போர்த்தி, பல்துலக்கும் பிரஷால் எடுத்தோம்.

பெயிண்ட் போன பிறகு மரத்தின்மேல் மிச்சமிருந்தது இளகிப் பிசுபிசுத்த பழைய அரக்கு. அதை ஸ்பிரிட் நனைத்த துணியால் துடைத்தே எடுத்தோம். உப்புத்தாள் எங்கும் தொடவில்லை. இதனால்தான் பழைய நிறம் பிழைத்தது. உரித்த மரம் புதுத் தேக்குபோல வெளிர் மஞ்சளாக இல்லாமல் தேன் நிறத்திலிருந்து காப்பி நிறம் வரை இடத்துக்கு இடம் மாறி நின்றது.

மூட்டுகளில் இரண்டு ஆடின. அவற்றுக்கு வஜ்ஜிரமே காய்ச்சி ஊற்றினோம், பழைய காரணம்தான்: வெந்நீரும் சூடும் பட்டால் மறுபடி விடும். பித்தளைத் தகடுகளைச் சுற்றி, பின்னாளில் யாரோ அடித்த இரும்பு ஆணிகளால் கறுப்பு வளையங்கள். இரும்பும் ஈரமும் மரத்தில் உள்ள டானின் என்ற துவர்ப்புப் பொருளும் சேர்ந்தால் வரும் கறை அது, தேய்த்தால் போகாது. ஒரு லிட்டர் வெந்நீரில் சுமார் 50 கிராம் ஆக்சாலிக் அமிலம் கரைத்து, கையுறையோடு கறையில் மட்டும் தடவி, வெளுத்ததும் நல்ல தண்ணீரில் பலமுறை துடைத்துக் காயவிட்டோம். அந்த அமிலம் விஷம். காய்ந்த பொடி மூக்கில் ஏறினால் சுருக்கென்று பிடிக்கும்.

உள்பக்கத்து மைக்கறைகளையும் அதே அமிலம் நொடியில் எடுத்துவிடும். எடுக்கவில்லை. இழுப்பறையின் பக்கத்தில் பென்சிலால் யாரோ கூட்டிப் பார்த்த தொகை ஒன்றும் இருந்தது. உள்பக்கம் முழுவதையும் டர்பெண்டைனில் துடைத்து, மெல்லிய மெழுகு மட்டும் போட்டு விட்டுவிட்டோம். எழுதிய கையின் தடம் அங்கே இருப்பதுதான் நியாயம் என்று எனக்குப் பட்டது, ஆச்சிக்கும் அப்படியே.

பிளைவுட்டைத் தேக்காக்கியது

இடது பக்கப் பலகையைக் கழற்றிவிட்டுத் தேக்குப் பலகை போடலாமே என்று யாரும் கேட்பார்கள். போட்டிருக்கலாம். ஆனால் அதைப் பசையும் ஆணியும் போட்டுச் சட்டத்தோடு இறுக்கியிருந்தார்கள். பிடுங்கினால் பழைய சட்டம் பிளக்கும். எனவே அதை இருந்த இடத்திலேயே வைத்து, மேலே தேக்கின் ரேகையை வரைவது என்று முடிவு. அலங்காரப் பூச்சு வேலையில் என் மனதுக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான்.

இதைப் போலி வேலை என்று சிலர் முகம் சுளிப்பார்கள். 18, 19-ஆம் நூற்றாண்டுகளில் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் இது மரியாதையான தனித் தொழிலாக இருந்தது. ஜார்ஜ் வாஷிங்டனின் மவுண்ட் வெர்னன் வீட்டிலேயே பைன் மரக் கதவுகளை மஹோகனிபோலத் தீட்டி வைத்திருந்தார்கள். வசதியில்லாமல் செய்ததல்ல அது. கைவேலையின் அழகுக்காகவும் செய்தார்கள்.

ரேகை வரைவது இரண்டு அடுக்கு வேலை. முதலில் அடிநிறம். அசல் மரத்தில் எந்த இடம் மிகவும் வெளிறியிருக்கிறதோ அந்த நிறத்தைப் பிடிக்க வேண்டும், சராசரி நிறத்தை அல்ல. எல்லோரும் இங்கேதான் இருட்டாகத் தொடங்கிவிடுகிறார்கள், பிறகு மேலே போடும் ரேகை எடுபடுவதில்லை. பிளைவுட்டை 180 எண் உப்புத்தாளில் தேய்த்து, மெல்லிய அரக்கால் அடைத்து, வெள்ளை மேட் பெயிண்டில் மஞ்சள் காவியும் துளி செங்காவியும் கலந்து இரண்டு கை அடித்தோம். காய்ந்ததும் தண்ணீர் தொட்டு மெல்லிய தாளில் தேய்த்து பிரஷ் கோடுகளை அழித்தோம்.

இரண்டாவது, ரேகைச் சாயம். இதற்குப் பழைய செய்முறை ஒன்று உண்டு: வினிகரில் கொஞ்சம் சர்க்கரை, அதில் அம்பர், சியன்னா என்ற மண்நிற வண்ணப்பொடிகள். சர்க்கரை இருப்பதால் சட்டென்று காய்ந்துவிடாமல் கைக்கு நேரம் தரும். பிடிக்கவில்லை என்றால் ஈரத்துணியால் துடைத்துவிட்டு மறுபடி தொடங்கலாம், அடிநிறத்துக்கு ஒன்றும் ஆகாது. புதிதாகப் பழகுபவர்களுக்கு இதைவிட நல்ல ஊடகம் கிடையாது; எண்ணெய்ச் சாயத்தோடு போராட வேண்டாம்.

சாயத்தைப் பலகை முழுக்க மெல்லத் தடவி, காய்ந்த பட்டை பிரஷை மேலிருந்து கீழ் ஒரே மூச்சில் இழுக்க வேண்டும். கை கொஞ்சம் நடுங்கினால் நல்லது, தேக்கின் ரேகை அளவுகோல் போட்டதுபோல் நேராக இருக்காது. பிறகு நீள மயிர் பிரஷை முழுக்கப் படுக்க வைத்து, பலகையின் கீழ்முனையிலிருந்து மேல்நோக்கிப் பட் பட்டென்று தட்டிக்கொண்டே போனால் சாயம் உடைந்து, மரக்கண்கள்போலச் சிறுசிறு கோடுகளாகும். இந்தத் தட்டுதான் பார்ப்பவர் கண்ணை நம்ப வைக்கும். மெல்லிய பிரஷால் நாலைந்து கருங்கோடுகள், அவ்வளவுதான். கோபுர வடிவ ரேகை ஒன்றோடு நிறுத்த வேண்டும். ஆசை மிகுந்து மூன்று கோபுரம் வரைந்தால் மைக்கா ஒட்டியதுபோல் ஆகிவிடும். அருகில் உள்ள அசல் பலகையை நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டே வரைய வேண்டும், மனத்தில் இருக்கும் தேக்கை வரையக்கூடாது.

காய்ந்ததும் மேலே அரக்கு. முதல் இரண்டு கையை மென்மையான பிரஷால் போட வேண்டும். பஞ்சைத் துணியில் பொதிந்த பொட்டலத்தால் தேய்த்தால் சாயம் இழுபடும். அது இறுகிய பிறகு, அரக்கிலேயே துளி அம்பர் பொடி கலந்து விளிம்புகளிலும் மூலைகளிலும் நிழல் கொடுத்தோம். புழங்கிய பலகையில் அழுக்கு சேரும் இடங்கள் அவை. பிளைவுட்டின் உள்பக்கத்தை மட்டும் அப்படியே விட்டோம். மூடியைத் திறந்து பார்ப்பவருக்கு எது பழையது, எது பிற்காலத்தது என்று தெரிந்துவிடும்.

பாலிஷ்

கார்த்திகை ஈரத்தில் அரக்கைத் தொடக்கூடாது. ஸ்பிரிட் ஆவியாகும்போது மேல்பரப்பு குளிர்ந்து, காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொண்டு வெள்ளை பூத்துவிடும். தை பிறந்து வெயில் ஏறும்வரை காத்திருந்தோம்.

அரக்கில் பட்டன் அரக்கு, எலுமிச்சை நிறம், மெழுகு நீக்கியது, வெளுத்தது என்று பல வகை. இந்த மேசைக்குப் பட்டன் அரக்கு. அதன் செம்பழுப்பே மரத்துக்கு வேண்டிய சூட்டைக் கொடுத்துவிடும், தனியாக ஸ்டெயின் தேவையில்லை. ஒரு லிட்டர் ஸ்பிரிட்டுக்கு 120 கிராம் என்ற நீர்த்த கரைசல் முதல் கைகளுக்கு, 240 கிராம் கெட்டியானது நடுக்கட்டத்துக்கு. கண்ணாடிப் பாட்டிலில் இரவெல்லாம் ஊறவிட்டு மல் துணியில் வடிகட்டினோம். தகர டப்பா ஆகாது; அரக்கின் அமிலத்தன்மை இரும்போடு சேர்ந்து கரைசலைக் கறுக்கடிக்கும். கரைத்த அரக்கை வருடக்கணக்கில் வைத்திருக்கவும் கூடாது. நாள்பட்டால் அது காயும் சக்தியை இழந்து ஒட்டிக்கொண்டே கிடக்கும். கண்ணாடித் துண்டில் ஒரு சொட்டு விட்டு, மறுநாள் நகத்தால் கீறிப் பார்த்துவிட்டுத்தான் மேசையைத் தொட வேண்டும். ஸ்பிரிட்டில் மெத்தனால் கலந்திருக்கலாம் என்பதால் பாட்டிலில் பெரிதாக விஷம் என்று எழுதி, எட்டாத இடத்தில் வைத்தோம்.

தேக்கின் கண்களை அடைக்கச் சாக்பீஸ் பொடிப் பட்டி பார்ப்பது நம் ஊர் வழக்கம். நான் வேண்டாம் என்பேன். புதிதில் அழகாக இருக்கும், சில வருடத்தில் அரக்கு சுருங்கும்போது கருந்தேக்கின் ஒவ்வொரு கண்ணிலும் வெள்ளைக் கோடு எட்டிப் பார்க்கும். உள்பக்கத்துப் பழைய பாலிஷிலும் கண்கள் பாதி திறந்தே இருந்தன. நாமும் அப்படியே விட்டோம்.

நடுவில் பஞ்சு, சுற்றி வெளுத்துப் பழசான பருத்தி வேட்டித் துணி, சுருக்கமே இல்லாமல் முறுக்கிப் பிடித்த பொட்டலம். பஞ்சில்தான் கரைசலை ஊற்ற வேண்டும், துணிமேல் அல்ல. மேசைமேல் இறங்கும்போதே கை ஓடிக்கொண்டிருக்க வேண்டும், எடுக்கும்போதும் ஓடிக்கொண்டே எடுக்க வேண்டும். நடுவில் அரை நொடி நின்றாலும் அடியில் இருப்பது கரைந்து துணியின் தடம் பதிந்துவிடும். வட்டம், எட்டு வடிவம், கடைசியில் ரேகையோடு நேர்க்கோடு. பிடித்து இழுத்தால் விரல்நுனியில் ஒரு துளி ஆளிவிதை எண்ணெய். ஒரு முறைக்கு மெல்லிய படலம், பிறகு ஒருநாள் ஓய்வு. பொறுமையில்லாதவர்கள் ஒரே நாளில் அடுக்கடுக்காக ஏற்றிவிடுவார்கள். மேலே காய்ந்து உள்ளே இளகி நின்று, மாதம் கழித்து மரக்கண்கள் எல்லாம் குழி விழும். போதிய அடுக்கு ஏறியதும் கிட்டத்தட்டக் காய்ந்த பொட்டலத்தில் வெறும் ஸ்பிரிட்டைத் தொட்டு வேகமாக ஓட்டினால் எண்ணெய்ப் படலம் போய், அடியிலிருந்து முழு மினுக்கும் எழும்பும்.

ஆளிவிதை எண்ணெய் பட்ட துணிகளைக் கசக்கி மூலையில் போடாதீர்கள். அந்த எண்ணெய் காயும்போது சூடு கிளப்பும். குவியலில் அந்தச் சூடு வெளியேற வழியில்லாமல் தானாகவே தீப்பிடிக்கும். விரித்துக் கொடியில் போடுங்கள், அல்லது தண்ணீரில் முக்குங்கள்.

எவ்வளவு பளபளப்பு என்பதை ஆச்சியே முடிவு செய்தார். அதே தேக்கின் துண்டு ஒன்றில் மூன்று பகுதி போட்டுக் காட்டினோம்: அரக்கின்மேல் மெழுகு தேய்த்து அடக்கிய மினுக்கு, முழு பிரெஞ்சு பாலிஷ், பளபள பி.யூ. ஹாலில் சாயங்கால விளக்கில் வைத்துப் பார்த்தார். பி.யூ. பகுதியில் மரத்துக்கும் கண்ணுக்கும் நடுவே ஏதோ தகடு இருப்பதுபோல் தெரிகிறது என்று அவரே சொல்லி, நடுவில் இருந்ததைத் தொட்டார். மேல்பலகைக்கு முழு பாலிஷ். பக்கங்களுக்கு நாலு சைபர் (0000, மிக நுண்ணிய) எஃகு நாரால் மட்டுப்படுத்தி, ஒரு பங்கு தேன்மெழுகுக்கு மூன்று பங்கு டர்பெண்டைன் சேர்த்துச் செய்த மெழுகு. தேன்மெழுகை வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் வைத்துத்தான் உருக்க வேண்டும், நேரடி அடுப்பில் அல்ல. டர்பெண்டைனை அடுப்பை அணைத்த பிறகே ஊற்ற வேண்டும்.

பித்தளையைக் கழற்றிப் புளி போட்டுத் தேய்த்து, அலசி, ஈரம் போகத் துடைத்து, பள்ளங்களில் கறுப்பை விட்டுவிட்டு மேடுகளை மட்டும் மினுக்கினோம். அதன்மேலும் மெல்லிய அரக்கு ஒரு கை. பழைய பித்தளைக் கருவிகளுக்கு அந்தக் காலத்தில் போட்டதும் அரக்குதான். தொலைந்த ஒரு மூலைத் தகடு காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளில் கிடைத்தது.

கல்யாணத்துக்குப் பிறகு

கல்யாண வீட்டில் யாரோ சூடான காப்பி டபராவை மேல்பலகையில் வைத்துவிட்டார்கள். வெள்ளையாக ஒரு வளையம். மகன் போனில் பதறினார். பி.யூ. போட்டிருந்தால் அந்த வளையம் பெரும்பாலும் விழுந்திருக்காது, அதை மறுக்க முடியாது. ஆனால் ஸ்பிரிட் காட்டியும் காட்டாமலும் தொட்ட பொட்டலத்தை அந்த இடத்தில் மூன்று நான்கு முறை வீசினதும் வெள்ளை மறைந்தது. மேலே மெல்லிய அரக்கு ஒருமுறை, மெழுகு ஒருமுறை. பக்கத்துப் பரப்பைத் தொடவே தேவைப்படவில்லை. புது அரக்கு பழைய அரக்கைக் கரைத்து அதோடு கலந்துவிடுவதால் ஒட்டுப்போட்ட இடம் தெரிவதில்லை.

வீட்டாருக்குச் சொல்லிவைத்தது இவ்வளவுதான்: உலர்ந்த மெல்லிய துணியால் தூசி தட்டலாம், வருடத்துக்கு ஒருமுறை மெழுகு போடலாம். சோப்புத் தண்ணீர், அமோனியா கலந்த கண்ணாடித் துடைப்பான், சானிடைசர் மூன்றும் பக்கத்தில் வரக்கூடாது. முதல் இரண்டிலும் உள்ள காரமும் கடைசியில் உள்ள ஆல்கஹாலும் அரக்கைக் கரைத்துவிடும்.

ஆச்சிக்கு மேசை பிடித்துப்போய், முகப்புக் கதவுக்கும் இதையே போடச் சொன்னார். அதற்கு ஒப்புக்கொள்ளவில்லை. மழைச்சாரல் படும் இடத்தில் அரக்கு ஒரு பருவம்கூட நிற்காது. கதவின் மேல்பாதி நிழலில், கீழ்பாதி மதியம்வரை வெயிலில். அங்கே வேண்டியது புறஊதாவைத் தாங்கும் எண்ணெய் வார்னிஷ், அதுவும் நீர்த்து மெல்லியதாக, செதுக்கலின் பள்ளங்களில் தேங்காதபடி. போடுவதற்குச் சற்று முன் தேக்கைத் தின்னர் துணியால் துடைத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் மரத்தின் சொந்த எண்ணெய் வார்னிஷைக் காயவிடாது. அப்புறம் கீழ்பாதிக்கு மட்டும் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை, உரிய ஆரம்பிக்கும் முன்பே, ஒரு கை புதுப்பிக்க வேண்டியிருக்கும். அதற்கு ஆள் வரச் சம்மதம் என்றால் செய்வோம் என்று சொல்லியிருக்கிறேன்.